குழலை மாற்றினால் போதுமா?

ஆஸ்திரேலியாவில் 1911-ல் பள்ளி வயதுப் பையன்களுக்குப் படைப்பயிற்சி கட்டாயமானது. பெரியவர்களின் துப்பாக்கி அந்தத் தோள்களுக்குக் கனம், உதையும் அதிகம். ஆகவே இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து பி.எஸ்.ஏ. நிறுவனமும் கிரீனர் நிறுவனமும் சின்னதாக ஒரு துப்பாக்கியைச் செய்து அனுப்பின. ஒரு முறைக்கு ஒரு தோட்டா. கீழே ஒரு நெம்புகோல். பக்கவாட்டில் கங்காரு முத்திரை. 7.8 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 365 மீட்டர் வேகத்தில் அனுப்பும் .310 தோட்டாவுக்காக வடித்தது. சேகரிப்பாளர்கள் இதை ‘கேடட் மார்ட்டினி’ என்கிறார்கள்.

1929-ல் அந்தக் கட்டாயப் பயிற்சி நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தத் துப்பாக்கிகள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. முயலுக்கும் நரிக்கும் தோதாக .22 ஹார்னெட், .218 பீ, கொஞ்சம் பெரிய வேட்டைக்கு .357 மேக்னம், இன்னும் துணிந்தவர்கள் .222 ரெமிங்டன் என்று ஆளுக்கொரு தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். அடிலெய்டின் ஸ்போர்ட்கோ நிறுவனம் இந்த மாற்றத்தையே ஒரு தொழிலாகச் செய்தது. இன்று கங்காரு முத்திரையோடு ஒரு கேடட் கண்ணில் பட்டால், அது எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதைக் குழலைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஓட்டையைச் சின்னதாக்கினால் சின்னத் தோட்டா, பெரிதாக்கினால் பெரிய தோட்டா, அவ்வளவுதானே என்று தோன்றும். துப்பாக்கியை வெளியிலிருந்து பார்க்கும் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் இந்த அத்தியாயத்தை எழுதுவதே அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கத்தான். முன்னால் இருக்கும் துளை கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருக்கும் எஃகுத் துண்டு தெரிவதில்லை. எந்தத் துளை போடலாம் என்று தீர்ப்புச் சொல்வது பின்னால் இருப்பதுதான்.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ‘போர்’ என்று சொல்லும் அளவு அது. .303 என்றால் 0.303 அங்குலம், ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர். அது எதனுடைய அளவு? குழலுக்குள் முறுக்கிச் செல்லும் வரிகளில் மேடு, பள்ளம் என்று இரண்டு உண்டு. .303 என்பது எதிரெதிர் மேடுகளுக்கு இடையே உள்ள தூரம். உள்ளே போகும் குண்டோ பள்ளத்தையும் அடைக்க வேண்டும் என்பதால் 0.311 அங்குலம் இருக்கும். இன்னொரு தோட்டாவில் பெயர் குண்டின் அளவையே சொல்லும். .38 ஸ்பெஷலில் இரண்டுமே இல்லை. அதன் குண்டு 0.357 அங்குலம்தான், பெயர் பழைய கூட்டின் வெளிவிட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. .44 மேக்னத்தின் குண்டு 0.429. பெயரை நம்பி அளவெடுத்தால் பட்டறைக்காரர் முதல் நாளே தவறுவார்.

பெயரில் சரித்திரம் ஒளிந்திருப்பதும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியின் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். பின்னம்போலத் தெரிகிற இந்தப் பெயர் ஒரு மாற்றத்தின் கதை. முதலில் அந்தத் துப்பாக்கிக்கு .45 அளவில் நீளமான, நேரான தோட்டா ஒன்றைத்தான் யோசித்தார்கள். அவ்வளவு நீளத் தோட்டாவை அந்த இயக்கத்துக்குள் கையாளுவது சிரமமாக இருந்தது. எனவே ஏற்கெனவே புழக்கத்திலிருந்த ஸ்னைடர் துப்பாக்கியின் .577 தோட்டாக்கூட்டை எடுத்து, அதன் கழுத்தை .45 அளவுக்கு நெரித்து, புட்டி வடிவில் குட்டையாக்கினார்கள். துப்பாக்கிக்கு ஏற்பத் தோட்டா வளைந்துகொடுத்தது.

கேடட்டுக்கும் மூலமான அந்த இயக்கம் எப்படிப்பட்டது? பாஸ்டன் நகரத்து ஹென்றி பீபாடி 1862-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. குழலின் பின்வாயை ஓர் எஃகுக் கட்டை அடைத்து நிற்கும். கட்டையின் பின்முனை ஒரு கீலில் கோத்திருக்கும். நெம்புகோலைக் கீழே இழுத்தால் முன்முனை மட்டும் தலை தாழ்த்தும். கட்டையின் மேல்பரப்பில் ஒரு வாய்க்கால், அதில் தோட்டாவை வைத்துத் தள்ளினால் நேராகக் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் வழுக்கிப் போய்விடும். நெம்புகோலை மேலே தூக்கினால் கட்டை நிமிர்ந்து வாயை மூடும். பீபாடியின் வடிவத்தில் வெளியே ஒரு தனிச் சுத்தியல் இருந்தது. சுவிட்சர்லாந்தில் பட்டறை வைத்திருந்த ஃபிரீட்ரிஷ் ஃபான் மார்ட்டினி அதை நீக்கிவிட்டு, சுருள்வில்லையும் ஊசியையும் கட்டைக்குள்ளேயே வைத்தார். குழலுக்கு எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் ஹென்றியின் வரிகள். இருவர் பெயரும் சேர்ந்துகொண்டது.

இந்த அடைப்புக்கட்டைக்குத் தன் முன்னால் இருக்கும் தோட்டா எது என்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் அநேகமாக இல்லை. பல தோட்டாக்களை வரிசையாக அடுக்கி வைக்கும் மேகசின் துப்பாக்கியில் பெட்டியின் அகலம், நீளம், தோட்டாவை ஏற்றிவிடும் சாய்வு, பூட்டு பின்னோக்கிப் போகும் தூரம் எல்லாம் ஒரே தோட்டாவின் உருவத்துக்கு இழைத்தவை. தோட்டாவை மாற்றினால் அத்தனையும் மாற வேண்டும். ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கியில் பெட்டியின் வேலையை மனிதனின் விரல்கள் செய்கின்றன. விரல்களுக்கு எந்தத் தோட்டாவும் ஒன்றுதான். ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கிகளை மனிதர்கள் இத்தனை விதமாக மாற்றிப் பார்த்ததற்கு இதுதான் முதல் காரணம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரில், இருபதைச் சற்றே தாண்டிய வயதில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கியும் இதே ரகம். 1879-ல் காப்புரிமை. 1883-ல் வின்செஸ்டர் நிறுவனம் 8,000 டாலருக்கு அதை வாங்கி, 1885-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் கட்டை கீலில் திரும்பாது, நேராகக் கீழே இறங்கும். சிறிய தோட்டாக்களுக்குப் பக்கச்சுவர் தாழ்ந்த உடல், பெரியவற்றுக்குச் சுவர் உயர்ந்த உடல் என்று இரண்டு வகை செய்தார்கள். துளை எதுவானாலும் சரி, பின்னால் எவ்வளவு எஃகு வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி என்று வின்செஸ்டர் அப்போதே வகுத்துவிட்டது.

அந்த எஃகு எதைத் தாங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெடிமருந்து எரியும்போது வாயு எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளும். முன்னால் குண்டு, பின்னால் தோட்டாக்கூட்டின் அடிப்பாகம். கட்டையின் மேல் விழும் விசை என்பது அழுத்தத்தை அடிப்பாகத்தின் பரப்பால் பெருக்கி வருவது. பள்ளிக்கூடக் கணக்குதான். அமெரிக்காவில் 1873-ல் பிறந்த .45-70 தோட்டாவின் அடி 12.8 மில்லிமீட்டர் விட்டம். இன்றைய தரநிர்ணயப்படி அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,900 மடங்கு. பெருக்கினால் ஏறத்தாழ இரண்டரை டன். இனி .222 ரெமிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு பாதி அகலம்கூட இல்லை, சிறுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அடியின் விட்டம் 9.6 மில்லிமீட்டர், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள்: அதே இரண்டரை டன்!

எருமையை வீழ்த்தும் தோட்டாவும் நரி சுடும் தோட்டாவும் கட்டையின் முதுகில் ஒரே பாரத்தை ஏற்றுகின்றன. .22 ஹார்னெட்டின் அழுத்தமும் 50,000-ஐ நெருங்கும். ஆனால் அதன் அடி 7.6 மில்லிமீட்டர்தான், அதனால் பாரம் ஒன்றரை டன்னோடு நின்றுவிடுகிறது. 1906-ல் வந்த .30-06-ஐப் போட்டால் நாலே முக்கால் டன் வரை ஏறும். சின்னக் கேடட்டுக்கு ஹார்னெட் ஏன் அவ்வளவு தோதாக அமைந்தது, .222 பற்றிப் பட்டறைக்காரர்கள் ஏன் இன்னும் சண்டை போடுகிறார்கள், .30-06 பற்றி யாரும் ஏன் பேச்செடுப்பதில்லை என்பதற்கெல்லாம் பதில் இந்தப் பெருக்கலிலேயே கிடைத்துவிடுகிறது. துளையின் அளவு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது சற்றுக் கூடுதலாகப் போட்ட கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். வாயு தள்ளுவது கூட்டின் உள்பரப்பை, நான் எடுத்தது வெளிவிட்டத்தை. தவிரவும் பித்தளைக் கூடு அழுத்தத்தில் உப்பி அறைச்சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடியும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கும். பி.ஓ. ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் இதைத் துணிச்சலான ஒரு சோதனையில் காட்டினார். ஒரு வின்செஸ்டர் 94 துப்பாக்கியில் பின்பூட்டைத் தாங்கும் கட்டையைக் கழற்றிவிட்டு, பக்கங்கள் சரிவின்றி நேராக எழும்படி தாம் மாற்றியமைத்த .30-30 தோட்டாவைச் சுட்டார். அறை உலர்ந்திருந்தவரை கூடு சுவரைப் பற்றிக்கொண்டு நின்றது. சரிவான கூடு ஆப்பைப்போல் பின்னுக்கு நழுவும், நேரான கூடு நழுவாது. அறைக்குள் எண்ணெய் பட்டிருந்தால் அந்தப் பிடி போய்விடும். இந்தச் சோதனையைப் படித்துவிட்டுப் பூட்டு பலமாக இருக்கத் தேவையில்லை என்று முடிவுகட்டுவது பெரும் தவறு. பித்தளை உதவிக்கு வரலாம். அதை நம்பித் துப்பாக்கி செய்யக் கூடாது.

அழுத்தம் என்ற சொல்லைச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த எண்கள் ஒரே தலைமுறையில் தலைகீழாக மாறிய கதை இதைவிடப் பெரியது.

வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த பழைய கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். நாம் பார்க்கும் புகையும், குழலில் படியும் கசடும் அதுதான். குண்டைத் தள்ளும் வாயு குறைவு என்பதால் குண்டின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு விழுந்தது. மார்ட்டினி-ஹென்றியின் குண்டு நொடிக்குச் சுமார் 410 மீட்டர்தான் போனது. வேகத்தைக் கூட்ட முடியாதபோது பலமாக அடிக்க ஒரே வழி எடையைக் கூட்டுவது. ஆகவே குண்டு 31 கிராம், ஆகவே துளையும் பெரிது. 1884-ல் பிரான்ஸில் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும் இந்தக் கட்டு அறுந்தது. அது அநேகமாக முழுவதும் வாயுவாக மாறும். அழுத்தம் ஏற ஏற அதன் எரியும் வேகமும் ஏறும். இரண்டே ஆண்டில் பிரெஞ்சு ராணுவம் 8 மில்லிமீட்டர் துப்பாக்கிக்குப் போய்விட்டது.

பிரிட்டன் அப்போது பட்ட பாட்டைப் பாருங்கள். மார்ட்டினி-ஹென்றிக்கு அடுத்ததாக .402 அளவில் ஒரு மார்ட்டினியைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். துப்பாக்கிகள் உருவாகிக்கொண்டிருந்தபோதே .303-க்குப் போவது என்று முடிவாயிற்று. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஓர் அளவு எதற்கு? செய்து முடித்த .402 துப்பாக்கிகளின் குழலை மாற்றி, பழைய .577/450-க்கே திருப்பினார்கள். நான்காம் ரக மார்ட்டினி-ஹென்றி என்று நாம் அறிவது அதுதான், முன்னேறப் புறப்பட்டு வழியிலேயே பின்னால் திரும்பிய துப்பாக்கி.

பிறகு மார்ட்டினிகளே .303-க்கு மாறின. 11.4 மில்லிமீட்டர் குழலைக் கழற்றி 7.7 மில்லிமீட்டர் குழலைத் திருகினார்கள். முதல் .303 தோட்டாவில் இருந்தது அழுத்திக் கட்டிய கரிமருந்து, 1888-ல். சில ஆண்டுகளில் கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் வாஸ்லினும் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம்போல் இழை இழையாகப் பிழிந்தெடுத்த மருந்து அது. அங்கேதான் ஓர் எதிர்பாராத பாடம் காத்திருந்தது. வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்த குழல்வரிகள் ஆழமற்றவை, ஓரங்கள் உருண்டவை. கரிமருந்தின் கசடு ஒட்டாமல் வழித்துக்கொண்டு போகட்டும் என்று யோசித்துச் செய்த அழகான வரிகள். கார்டைட்டில் கசடு குறைவு, சூடோ மிக அதிகம். உருண்ட மெல்லிய மேடுகளை அந்தச் சூடு கரைத்துவிட்டது. 1895-ல் சதுர ஓரமும் ஐந்து பள்ளமும் கொண்ட என்ஃபீல்டு வரிகள் வந்தன. மெட்ஃபோர்டு குழல் கொண்டவை மார்ட்டினி-மெட்ஃபோர்டு, என்ஃபீல்டு குழல் கொண்டவை மார்ட்டினி-என்ஃபீல்டு. தோட்டா ஒன்றே, அளவு ஒன்றே, மருந்து மட்டும் மாறியது. அதற்கே குழலின் உள்முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த மாற்றத்தால் சுடுபவருக்கு என்ன கிடைத்தது? 1910-ல் வந்த ஏழாம் ரக .303 தோட்டாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 11.3 கிராம் குண்டு, நொடிக்கு 744 மீட்டர். ஆற்றல் சுமார் 3,100 ஜூல். பழைய 31 கிராம் குண்டின் ஆற்றல் 2,600 ஜூல். அடி கூடியிருக்கிறது. உதை? உதையைத் தீர்மானிப்பது உந்தம், எடையை வேகத்தால் பெருக்கி வருவது. பழைய குண்டுக்கு 12.7, புதியதற்கு 8.4. ஆற்றலில் வேகம் இருமடியாக வருகிறது, உந்தத்தில் ஒருமடியாகத்தான். தோள் பிழைத்தது அந்த ஒரு மடி வித்தியாசத்தால்.

இனி முறுக்கு. குழல்வரிகள் குண்டைப் பம்பரமாகச் சுழற்றுவதற்காகவே இருக்கின்றன. சுழலாத நீளக் குண்டு காற்றில் குப்புறப் புரளும். எவ்வளவு சுழல வேண்டும் என்பதை நிர்ணயிப்பது குண்டின் நீளம். 1879-ல் ஊல்விச்சில் பீரங்கிப் படையினருக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் கிரீன்ஹில் இதற்கு எளிய ஒரு விதி சொன்னார். குண்டின் நீளத்தை அதன் விட்டத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 150-ஐ அந்த எண்ணால் வகுத்து விட்டத்தால் பெருக்கினால், குண்டு ஒரு முழுச்சுற்றுச் சுற்ற வேண்டிய தூரம் வரும். ஹார்னெட்டின் குண்டு 5.7 மில்லிமீட்டர் அகலம், சுமார் 12 மில்லிமீட்டர் நீளம். கணக்குப்படி 406 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று, அதாவது 16 அங்குலம். ஹார்னெட் குழல்களில் வழக்கமாக வெட்டுவதும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான்! நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்படும் அந்தக் குண்டு நொடிக்கு 2,000 முறை சுழல்கிறது. அதே அகலத்தில் 23 மில்லிமீட்டர் நீளக் குண்டை அந்தக் குழலில் போட்டால் அது நிலைகொள்ளாது, அதற்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். துளை ஒன்றாக இருந்தும் குழல் வேறாக வேண்டியிருக்கிறது. அறையை மட்டும் பெரிதாக்கி வேகமான தோட்டாவுக்கு மாறியவர்கள் பலர் இந்த முறுக்கை மறந்துவிட்டு, குறி ஏன் பிசகுகிறது என்று குழம்பியிருக்கிறார்கள்.

மாற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. இருக்கும் குழலின் அறையை மட்டும் ரீமர் என்ற கருவியால் கடைந்து பெரிதாக்குவது ஒன்று. கேடட்டை .310-லிருந்து .32-20-க்கு மாற்றியவர்கள் செய்தது இது. வேலை குறைவு, ஆனால் கேடட்டின் துளை .32-20 குண்டுக்குச் சற்றே தளர்வு, குறி சுமாராகத்தான் அமையும். அமெரிக்காவில் லைல் கில்போர்ன் ஹார்னெட் அறையைக் கடைந்து பக்கங்களை நேராக்கினார். அதில் கடையில் வாங்கிய சாதாரண ஹார்னெட்டைச் சுட்டால் கூடு உப்பி, அறையின் புது வடிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும். துப்பாக்கியே அச்சாகித் தனக்கு வேண்டிய கூட்டை வார்த்துக்கொள்கிறது! இந்த வித்தை எனக்கு எப்போதும் வியப்புத் தருவது.

இரண்டாவது வழி, தேய்ந்த குழலைத் துளைத்து அதற்குள் வரி வெட்டிய மெல்லிய குழாயைச் சொருகுவது. பர்மிங்காமின் பார்க்கர் நிறுவனம் இதில் பெயர்பெற்றது. இதன் தற்காலிக வடிவம் 1880-களிலேயே இருந்தது. மோரிஸ் குழாய் என்று அதற்குப் பெயர். மார்ட்டினி-ஹென்றியின் குழலுக்குள் அதை நுழைத்துவிட்டால் கொட்டகைக்குள்ளேயே சின்னத் தோட்டாக்களால் குறிபார்த்துப் பழகலாம். பயிற்சி முடிந்ததும் உருவிவிடலாம். மூன்றாவது, குழலையே கழற்றிப் புதியதைத் திருகுவது. பெரிய மாற்றங்கள் எல்லாம் இந்த வழியில்தான் நடந்தன.

குழலோடு வேலை முடியாது. ஊசி இருக்கிறது. கட்டையின் முகத்தில் ஊசி வெளிவரும் ஓட்டையைக் கேடட்டில் தாராளமாக விட்டிருந்தார்கள். .310-ன் தாழ்ந்த அழுத்தத்துக்கு அது போதும். ஹார்னெட்டின் அழுத்தத்தில், ஊசி அடித்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் மெல்லிய உலோகம் அந்த ஓட்டைக்குள் பிதுங்கி ஏறும். சில சமயம் கிழிந்து, சூடான வாயு பின்னால் பீறிடும். அதனால் ஓட்டையை அடைத்து, சிறிதாக மறுபடி துளைத்து, மெல்லிய ஊசி பொருத்துவார்கள். காலிக் கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கியும் அப்படித்தான். கேடட்டின் கொக்கி, விளிம்பு புடைத்த தோட்டாவைப் பிடிக்கச் செய்தது. ஹார்னெட்டுக்கும் .357-க்கும் விளிம்பு உண்டு, கொக்கியைக் கொஞ்சம் திருத்தினால் போதும். .222-க்கு விளிம்பு இல்லை, அடியில் ஒரு பள்ளம் மட்டும். அந்தப் பள்ளத்தில் கொக்கி போய் மாட்ட வேண்டும். சிறிய வேலைதான், ஆனால் எத்தனையோ மாற்றங்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டன.

விளிம்புக்கு இன்னொரு கடமையும் உண்டு. தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று நிறுத்தி வைப்பது அதுதான். தோட்டாவின் அடிக்கும் கட்டையின் முகத்துக்கும் இடையே விடும் சந்தைப் பட்டறைகள் இரண்டு அளவுகோல்களால் சோதிக்கும். ஒன்றைப் போட்டால் கட்டை மூட வேண்டும், மற்றொன்றைப் போட்டால் மூடவே கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனம். சந்து அதிகமானால் கூட்டின் முன்பகுதி சுவரைப் பற்றி நிற்க, அடி பின்னால் நகரும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலிந்து ஒரு நாள் அறுந்துவிடும். குழலைத் திருகும்போது கடைசிச் சுற்றில் எத்தனை கவனம் வேண்டும் என்பதற்கு இந்தத் தாளின் கனமே அளவு.

இவ்வளவு வேலையையும் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் வாரன் சென்டர் என்பவர் அதைத்தான் யோசித்தார். 1967-ல் தாம்சன்-சென்டர் நிறுவனம் வெளியிட்ட ‘கன்டெண்டர்’ கைத்துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றி ஒரு முளையை உருவினால் குழல் கையோடு வந்துவிடும். வேறு குழலை வைத்து முளையைச் செருகினால் வேறு துப்பாக்கி. விளிம்பில் அடிபட வேண்டிய .22-க்கும் நடுவில் அடிபட வேண்டிய தோட்டாவுக்கும் இரண்டு ஊசிகள், எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சுத்தியலில் ஒரு திருப்பி. .22-லிருந்து .45-70 வரை ஒரே உடலில் சுட முடிந்தது. அறையும் கொக்கியும் குழலோடு சேர்ந்தே மாறுவதால் சந்துக் கணக்கைத் தொழிற்சாலை முன்கூட்டியே சரிபார்த்துவிடும்.

இந்தச் சௌகரியம் நீதிமன்றம் வரை போயிற்று. நீளக் குழலும் தோள்கட்டையும் சேர்த்து அந்தக் கைத்துப்பாக்கியை ரைஃபிளாக்கும் ஒரு தொகுப்பை நிறுவனம் விற்றது. நீளக் குழலை விட்டுத் தோள்கட்டையை மட்டும் மாட்டினால் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் குட்டைக்குழல் ரைஃபிள் ஆகிவிடுமே என்றது அரசு. 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

துளையின் அளவு அரசுகளுக்கு ஒரு பூட்டாகவும் பயன்பட்டிருக்கிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவுள்ள வேட்டைத் தோட்டாக்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றிகளும் அதே அளவு. வேட்டைக்காரருக்கு வரும் குண்டுகள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடுமோ என்ற பயம். பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனங்கள் யானைக்கும் புலிக்கும் .450-ஐ நம்பியிருந்தவை. அவை உடனே பக்கத்து எண்களுக்குத் தாவின: .465, .470, .475, .476. ஆப்பிரிக்க வேட்டைக் கதைகளில் வருகிற புகழ்பெற்ற இந்த எண்களுக்கெல்லாம் பின்னால் இந்தியாவின் ஒரு தடையாணை இருக்கிறது. இஷாப்பூர் தொழிற்சாலையில் ராணுவத்தின் .303-களையே காவலர்களுக்காக வரியில்லாத .410 குழலுக்கு மாற்றியதும், மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்து ஒற்றைத்தோட்டா ஆக்கியதும் அதே சிந்தனையின் தொடர்ச்சி. அந்தத் துப்பாக்கி எதிரி கைக்குப் போனாலும் தூரம் எட்டாது. .303 நம் லைசென்ஸ் தாள்களில் இன்றும் தடைசெய்யப்பட்ட போர்.

எகிப்துக் காவலர்களுக்காகக் கிரீனர் செய்த மார்ட்டினி இந்தப் பூட்டை இன்னும் இறுக்கியது. சந்தையில் கிடைக்காத 14 போர் அளவில் அதைச் செய்தார்கள், திருடினாலும் தோட்டா கிடைக்கக் கூடாது என்று. ஆட்கள் அதைவிட மெலிந்த 16 போர் தோட்டாவின் மேல் காகிதத்தைச் சுற்றிப் பருமனாக்கிச் சுட்டார்கள். கிரீனர் அடுத்த வடிவத்தில் ஊசியைத் திரிசூலம்போல் மாற்றினார். பக்கத்துப் பற்கள் இரண்டும் நீளம், நடுப்பல் குட்டை. அதற்கென்றே அடியில் வட்டப் பள்ளம் வெட்டிய தோட்டாவாக இருந்தால்தான் பக்கத்துப் பற்கள் பள்ளத்தில் இறங்கி நடுப்பல் பிரைமரைத் தொடும். சாதாரணத் தோட்டாவை என்ன சுற்றினாலும் வெடிக்காது.

நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மாற்றுவதையும் பழுதுபார்ப்பதையும்கூட உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய தொழிலாகவே வைத்திருக்கிறது. மேலே போட்ட டன் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

பிரிட்டனில் ஒரு துப்பாக்கியின் குழலை மாற்றினால் அதை விற்பதற்கு முன் மறுபடி சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். பர்மிங்காமில் 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கிய சோதனைச்சாலை இன்றும் இயங்குகிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை இட்டு, ஆளில்லாத அறைக்குள் சுட்டுப் பார்ப்பார்கள். பிறகு கட்டையையும் அறையையும் அளந்து, எதுவும் அசையவில்லை என்றால் குழலில் முத்திரை குத்துவார்கள். அப்படிச் சோதனை கண்டு ஹார்னெட்டுக்கு மாறிய ஒரு கேடட்டைப் புரட்டினால், குழலில் புதிய முத்திரையும் புதிய எண்ணும் இருக்கும். அதன் பின்னால், 1911-ஐ ஒட்டி யாரோ ஒரு பையன் தோளில் சாய்த்துப் பிடித்த அதே எஃகுப் பெட்டி. கங்காருவை யாரும் அழிக்கவில்லை.